நாற்பத்தைந்து டாலர் இலையுதிர்காலம்

2003ஆம் ஆண்டு. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில், மணிக்கு 20 ரூபாய் வாங்கிக்கொண்டு இணையம் பார்க்கவிடும் பிரவுசிங் சென்டர் ஒன்று இருந்தது. பிளைவுட் தடுப்புகளுக்கு நடுவே எட்டுக் கணினிகள். ஏழில் பச்சைப் புல்மேடும் நீல வானமும் முகப்புப் படமாக இருக்கும். கதவோரக் கணினியில் மட்டும் யாரோ வேறொரு படத்தை மாற்றி வைத்திருந்தார்கள். உதிர்ந்த இலைகள் மூடிக்கிடக்கும் ஒரு பாதை, ஓரத்தில் மரவேலி, மஞ்சளும் செம்மஞ்சளுமாகக் கவிந்திருக்கும் மரங்கள். மின்விசிறி சரியாகச் சுற்றாத அந்த அறையில் வியர்த்துக்கொண்டே, யாருடைய ஊரென்றே தெரியாத அந்தக் குளிரை நான் நெடுநேரம் பார்த்திருக்கிறேன். அது எந்த இடம், எடுத்தவர் யார் என்று ஒருமுறைகூடக் கேட்கத் தோன்றவில்லை. சுட்டியையும் விசைப்பலகையையும் போல அதுவும் கணினியோடு வந்த ஒன்று, அவ்வளவுதான்.

கேட்கத் தோன்றிய ஒருவர் நியூயார்க்கில் இருந்தார். நிக் டோஷஸ் (1949–2019). ராக் இசைக்கலைஞர் ஜெர்ரி லீ லூயிஸின் வாழ்க்கையை ‘ஹெல்ஃபயர்’ என்றும், பாடகர் டீன் மார்ட்டினின் வாழ்க்கையை ‘டீனோ’ என்றும் எழுதியவர். தாந்தேயின் கையெழுத்துப் பிரதியை மையமாக வைத்து ஒரு நாவலும் எழுதினார். கறாரான, முரட்டு உரைநடைக்காரர். இலைகளைக் கண்டு உருகுகிறவர் என்று அவரை யாரும் நினைத்திருக்க முடியாது. விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்த அந்தப் படம் அவரைப் பிடித்துக்கொண்டது. (படத்தின் ஆங்கிலப் பெயரை அப்படியே எழுதினால் ‘ஆட்டம்’ என்றாகி வேறு பொருள் தந்துவிடுகிறது, எனவே ‘இலையுதிர்காலம்’ என்றே குறிப்பிடுகிறேன்.) அது எந்த இடம் என்று தேடத் தொடங்கினார். அந்தத் தேடலை 2007 பிப்ரவரி ‘வேனிட்டி ஃபேர்’ இதழில் நீண்ட கட்டுரையாக எழுதினார். ‘இலையுதிர்காலமும் எனக்கெதிரான சதியும்’ என்பது அதன் தலைப்பு. தேடல் எவ்வளவு எளிதாக இருந்திருக்கும் என்பதைத் தலைப்பிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

விடை கிடைத்தது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், பர்லிங்டன் நகரைச் சேர்ந்த கில்பிரைட் என்ற சிற்றூர்ப் பகுதி. படத்தை எடுத்தவர் பீட்டர் பூரியன் என்ற நிழற்படக் கலைஞர்; எடுத்தது 1999 அக்டோபரில். கார்பிஸ் என்ற நிழற்பட முகமையின் வழியாக அது மைக்ரோசாஃப்டுக்குப் போயிருந்தது. உலகெங்கும் கோடிக்கணக்கான கணினிகளில் ஏறி அமர்ந்த அந்தப் படத்துக்காகப் பூரியனுக்குக் கிடைத்தது 45 டாலர்.

அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 2000 ரூபாய். எங்கள் ஊர் மாடியறையில் 100 மணிநேரம் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்க ஆகும் செலவு.

இந்தத் தொகையைத் தனியாகப் பார்த்தால் வெறும் பரிதாபம்தான் மிஞ்சும். மற்ற ஏழு கணினிகளில் இருந்த புல்மேட்டின் கதையை அருகில் வைத்தால்தான் விஷயம் விளங்கத் தொடங்குகிறது. ‘பிளிஸ்’ என்ற பெயரில் உலகமே அறிந்த அந்தப் படத்தை எடுத்தவர் சார்லஸ் ஓ'ரியர், நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழுக்காக நெடுங்காலம் உழைத்தவர். 1996 ஜனவரியில், பின்னாளில் தன் மனைவியான தோழியைப் பார்க்கக் கலிஃபோர்னியாவின் சோனோமா வட்டாரத்தில் காரோட்டிப் போகும் வழியில் எடுத்தது. பூச்சித் தாக்குதலால் திராட்சைக் கொடிகள் அகற்றப்பட்டிருந்ததால்தான் மேடு புல்வெளியாகக் கிடந்தது. அவர் அதை வெஸ்ட்லைட் என்ற முகமையில் சேர்த்திருந்தார். 1998இல் அந்த முகமையைக் கார்பிஸ் வாங்கியது. 2000ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அந்தப் படத்தை அதன் முழு உரிமைகளோடும் விலைக்குக் கேட்டது. தொகையை வெளியிடக் கூடாது என்று ஒப்பந்தம். ஆனால் உயிரோடிருக்கும் ஒரு நிழற்படக் கலைஞருக்கு ஒரே படத்துக்காகக் கொடுக்கப்பட்ட மிகப்பெரிய தொகைகளில் ஒன்று என்று சொல்லப்படுகிறது. மூலப் படச்சுருளின் மதிப்பைக் கேட்டதும் கூரியர் நிறுவனங்கள் ஏற்க மறுத்துவிட்டன; மைக்ரோசாஃப்ட் விமானச் சீட்டு எடுத்துக்கொடுத்து ஓ'ரியரையே நேரில் கொண்டுவரச் செய்தது.

ஆக, ஒரே மென்பொருள், ஒரே முகமை, ஒரே வாடிக்கையாளர். இரண்டும் ஆளில்லாத நிலக்காட்சிகள். இரண்டையும் எடுத்தவர்கள் தொழில் தெரிந்தவர்கள். ஒருவர் தன் படத்தைக் கையில் ஏந்தி விமானமேறுகிறார். மற்றவருக்கு 45 டாலர். அழகில் இத்தனை வேறுபாடு இருந்திருக்க முடியாது. என்னைக் கேட்டால் இலையுதிர்காலமே நல்ல படம் என்பேன். புல்மேட்டில் கண் போய் நிற்பதற்கு ஓர் இடமில்லை. வேறுபாடு முழுவதும் உரிமத்தின் வகையில் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள, இலையும் கேமராவும் ஒன்றையொன்று சந்தித்த கதைக்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

இலையின் சிவப்பு, நிழற்படத்துக்கு நெடுங்காலம் கண்ணில் படாத நிறமாகவே இருந்தது. தொடக்ககாலத் தகடுகளில் பூசப்பட்ட வெள்ளி உப்புகள் நீல ஒளிக்கே மசிபவை. சிவப்பு அவற்றுக்கு இருள். இதன் விளைவு விசித்திரமானது: மேப்பிள் மரம் ஆண்டிலேயே மிகப் பிரகாசமாக நிற்கும் அந்த இரண்டு வாரங்களில்தான் கேமரா அதைக் கன்னங்கரேலென்று பதிவுசெய்தது. ஹென்றி டேவிட் தோரோ 1862 மே மாதம் இறந்துபோனார். அவ்வாண்டு அக்டோபரில் ‘அட்லாண்டிக் மன்த்லி’ இதழில் வெளியான அவருடைய கட்டுரை, நியூ இங்கிலாந்தின் இலை நிறங்களை மரம் மரமாக எடுத்துக்கொண்டு விவரிப்பது. ஐரோப்பியர்கள் அமெரிக்க இலைகளின் பிரகாசத்தைக் கண்டு திகைக்கிறார்கள், ஆங்கிலக் கவிதையில் இந்த அனுபவமே பதிவாகவில்லை என்று தொடங்குகிறார். அவர் காலத்துக் கேமராவால் அதில் ஒரு வரியைக்கூட மெய்ப்பித்திருக்க முடியாது. சொல்லால் மட்டுமே காட்ட முடிந்த நிறம் அது.

திகைப்புக்குக் காரணம் உண்டு. குளிர் நெருங்கும்போது மரம் இலையிலிருக்கும் பச்சையத்தைச் சிதைத்து, இலையிலுள்ள நைட்ரஜனைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பச்சை விலகியதும் அடியிலேயே இருந்த மஞ்சள் நிறமிகள் வெளித்தெரிகின்றன. ஆகவே மஞ்சள் என்பது ஒருவகையில் எஞ்சியிருப்பது. சிவப்பு அப்படியல்ல. இலை சாகப்போகும் தறுவாயில் புதிதாகத் தயாரிக்கப்படும் நிறமி அது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் இருந்தால் சிவப்பு மிகும். ஐரோப்பிய மரங்களில் பெரும்பாலானவை மஞ்சளோடு நின்றுவிடுகின்றன. வட அமெரிக்காவின் கிழக்கிலும் கிழக்காசியாவிலும்தான் காடு சிவக்கிறது.

(நம்முடைய ஆறு பெரும்பொழுதுகளில் இலையுதிர்காலம் என்று ஒன்று இல்லை. நாட்காட்டியில் அதற்கு நேராக வரும் கூதிர் நமக்கு மழையும் வாடையும். இலை உதிர்வது நம் ஊர்களில் பனி முடிந்து வெயில் ஏறும் மாசி, பங்குனியில். அதுவும் குளிருக்கு அஞ்சியல்ல, நீருக்கு. ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாகச் செய்துகொண்ட ஒரு சொல்லையும் அதற்குப் பொருளாக ஒரு கணினிப் படத்தையும் வைத்துக்கொண்டு நாங்கள் வளர்ந்தோம்.)

1907இல் லூமியேர் சகோதரர்களின் ஆட்டோகுரோம் தகடு விற்பனைக்கு வந்தது. உருளைக்கிழங்கு மாவின் நுண்மணிகளைச் செம்மஞ்சள், பச்சை, ஊதா என்று சாயமேற்றிக் கண்ணாடியில் பரப்பிய தகடு. கேமராவுக்குச் சிவப்பு தெரிய ஆரம்பித்தது. 1936இல் நிழற்படக் கேமராக்களுக்கான கோடாக்குரோம் வந்தபின் அது சாமானியர் கைக்கும் எட்டியது. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் முனையத்தில் 1950 முதல் 1990 வரை கோடாக் நிறுவனம் 60 அடி நீளமும் 18 அடி உயரமும் கொண்ட, பின்னிருந்து ஒளியூட்டப்பட்ட வண்ணப்படங்களை மாற்றி மாற்றி வைத்தது. மொத்தம் 565 படங்கள். அந்த வரிசையில் இலை சிவந்த மலைகளுக்கும் இடம் இருந்தது. பின்னால் முகப்புப் படம் செய்த வேலையை அந்தச் சுவர் முன்கூட்டியே செய்துகொண்டிருந்தது என்று தோன்றுகிறது.

ஆனால் இலையைக் கலையாக்கியவர் எலியட் போர்ட்டர். ஹார்வர்டில் மருத்துவம் படித்தவர்; அதை விட்டுவிட்டுக் கேமராவைப் பிடித்தவர். மலைமுகடுகளையும் அருவிகளையும் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்தவர். சிவந்த ஓர் இலை கற்பாறையில் ஒட்டிக்கிடப்பதும், குளத்தில் மிதப்பதும், புல்லிடையே சிக்கிக்கொள்வதும் அவருக்குப் போதுமான நிலக்காட்சியாக இருந்தன. தோரோ மறைந்து சரியாக நூறாண்டு கழித்து, 1962இல், தோரோவின் வரிகளோடு தன் படங்களைப் பருவங்களின் வரிசையில் அடுக்கி அவர் வெளியிட்ட நூலைச் சியரா கிளப் பதிப்பித்தது. விலை 25 டாலர், அன்றைக்கு மிக அதிகம். இருந்தும் விற்றுத் தீர்ந்தது. 1979இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவருடைய வண்ணப்படங்களுக்கென்றே கண்காட்சி வைத்தது.

போர்ட்டரைப் பார்த்து அரை நூற்றாண்டாக அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆயிரக்கணக்கானோர் தரையைப் பார்க்கத் தொடங்கினார்கள். அவர்கள் எடுத்த படங்களெல்லாம் எங்கே போயின? அருங்காட்சியகத்துக்கு அல்ல. முகமைகளின் இரும்பு அலமாரிகளுக்கு.

நிழற்படங்களைச் சேர்த்து வைத்து வாடகைக்கு விடும் தொழில் பழையது. ஃபிலடெல்ஃபியாவில் ஆம்ஸ்ட்ராங் ராபர்ட்ஸ் 1920இல் தொடங்கியது முன்னோடிகளில் ஒன்று. 1935இல் நாஜி ஜெர்மனியிலிருந்து பெட்டி நிறையப் படங்களோடு தப்பிவந்த ஓட்டோ பெட்மன், நியூயார்க்கில் ஒரு பெரும் படக்களஞ்சியத்தையே கட்டினார். இம்முகமைகளின் வணிகமுறை பல பத்தாண்டுகள் மாறவில்லை. படம் விற்கப்படுவதில்லை, அதைப் பயன்படுத்தும் அனுமதியே விற்கப்படும். எந்த அளவில், எத்தனை பிரதிகளில், எந்த நாட்டில், எத்தனை மாதத்துக்கு என்பதைப் பொறுத்து விலை. ஒரு வங்கியின் நாட்காட்டியில் அக்டோபர் பக்கத்துக்கு ஒரு விலை, ஓய்வூதியத் திட்ட விளம்பரத்துக்கு வேறு விலை. வந்ததில் ஏறத்தாழப் பாதி எடுத்தவருக்குப் போகும். இலையுதிர்காலப் படம் ஒன்று பத்து ஆண்டுகள், ஒவ்வொரு ஆகஸ்டிலும், எங்கோ ஒரு நாட்காட்டிக்காரர் கேட்டு வருவார் என்ற நம்பிக்கையில் காத்திருக்கும். யாரும் பணக்காரராகவில்லை, ஆனால் ஒரு நல்ல படம் வீட்டு வாடகைக்கு உதவியது.

இங்கே ஒரு நுட்பம். முகமைக்குப் போகும் படத்தில் ஊர் தெரியக் கூடாது. பெயர்ப்பலகை, தேவாலயக் கோபுரம், அடையாளம் சொல்லக்கூடிய மனிதர் எல்லாம் விலக்கப்படவேண்டும். கில்பிரைட்டின் ஒரு பாதை எவருடைய பாதையாகவும் ஆகிவிடும்போதுதான் கால்கரி வங்கியும் காப்பீட்டுக்காரரும் ஒருசேர அதை வாங்க முடியும். எங்கே என்பதை அழித்தபின்பே விலை. பூரியனின் படம் இவ்வகையில் பரிபூரணமானது. டோஷஸ் அத்தனை பாடுபட்டதும் அதனால்தான்.

1991இல் சியாட்டிலில் தொடங்கப்பட்ட ஃபோட்டோடிஸ்க் நிறுவனம் இந்த முறையைத் தலைகீழாக்கியது. நூற்றுக்கணக்கான படங்களைக் குறுந்தகட்டில் அடைத்து ஒரே விலைக்குக் கொடுத்தது. வாங்கியவர் எத்தனை முறையும் எங்கேயும் பயன்படுத்தலாம்; ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனிக்கட்டணம் கிடையாது. ‘ராயல்டி ஃப்ரீ’ என்ற இந்த ஏற்பாட்டை இலவசம் என்று பலர் தவறாகப் புரிந்துகொண்டார்கள். வாங்குகிறவருக்கு இலவசமல்ல, எடுத்தவருக்குத்தான் ஏறக்குறைய அப்படி. நூறு பிரதி அச்சிடும் பள்ளிக்கூடமும் கோடிக்கணக்கான கணினிகளில் நிறுவும் மென்பொருள் நிறுவனமும் ஒரே விலை கொடுத்தால் போதும். பூரியனின் 45 டாலர் இந்தக் கதவின் வழியாக வந்தது. ஓ'ரியரின் படத்தை மைக்ரோசாஃப்ட் முற்றாக வாங்க விரும்பியதால் அவர் பழைய கதவின் வழியாக, அதுவும் அதன் உச்சபட்ச விலையில், வெளியே வந்தார். மைக்ரோசாஃப்டின் நிறுவனர் பில் கேட்ஸ்தான் அப்போது கார்பிஸின் உரிமையாளராக இருந்தார் என்பதையும் இங்கே ஒரு வரியில் சொல்லிவைக்க வேண்டும். அதிலிருந்து சதி எதையும் நான் ஊகிக்கவில்லை. ஒப்பந்தத்தில் உள்ளபடிதான் எல்லாம் நடந்தது. எனக்கு உறுத்துவதும் அதுதான்.

பிறகு நடந்தவை வேகமானவை. 2000இல் கால்கரியில் புரூஸ் லிவிங்ஸ்டன் தொடங்கிய ஐஸ்டாக்ஃபோட்டோ, முதலில் படங்களைப் பரிமாறிக்கொள்ளும் நட்புக்கூடமாக இருந்து, பின் ஒரு டாலருக்கும் குறைவாகப் படம் விற்கும் சந்தையாயிற்று. 2003இல் ஜான் ஓரிங்கர் தான் எடுத்த 30,000 படங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஷட்டர்ஸ்டாக்கைத் திறந்தார். சந்தா கட்டியவர்கள் வேண்டிய அளவு இறக்கிக்கொள்ளலாம், எடுத்தவருக்கு இறக்கத்துக்கு 25 சென்ட் அளவில். 2006இல் ஐஸ்டாக்கை கெட்டி இமேஜஸ் 5 கோடி டாலருக்கு வாங்கியது. கையடக்க டிஜிட்டல் கேமரா வைத்திருந்த ஒவ்வொருவரும் இப்போது முகமைக்குப் படம் அனுப்பலாம். அனுப்பினார்கள். எல்லோர் வீட்டு வாசலிலும் மேப்பிள் இருந்தது. 2020 ஜூனில் ஷட்டர்ஸ்டாக் தன் பங்கீட்டு முறையை மாற்றியபோது ஒரு படத்துக்கான குறைந்தபட்சக் கூலி 10 சென்ட் ஆனது; ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று எல்லோரும் மீண்டும் கீழ்ப்படியிலிருந்து ஏறத் தொடங்கவேண்டும் என்றும் வைத்தார்கள். பலர் தம் படங்களை விலக்கிக்கொண்டார்கள். அதற்குள் படங்களின் எண்ணிக்கை பல கோடிகளைத் தாண்டியிருந்ததால் வாங்குகிறவர் எவருக்கும் குறை தெரிந்திருக்காது. 2023இல் அடோபி, தன் படச்சந்தையில் குவிந்திருந்தவற்றைக் கற்றுத்தந்து ஃபயர்ஃபிளை என்ற படம் உருவாக்கும் மென்பொருளை வெளியிட்டது. படம் கொடுத்தவர்களுக்கு அவ்வாண்டு ஊக்கத்தொகையும் கொடுத்தது. இலைகள் மூடிய பாதை, மரவேலி என்று தட்டச்சு செய்தால் இன்று சில நொடிகளில் வந்துவிடும். யாரும் போய்த் தேட முடியாத பாதை.

ஊரை அழிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெர்மான்டில் ஓர் உதாரணம். பாம்ஃப்ரெட் என்ற சிற்றூரில் ஸ்லீப்பி ஹாலோ ஃபார்ம் என்ற தனியார் பண்ணை, இலை சிவக்கும் நாட்களில் படமெடுக்க ஏற்ற இடம் என்று பெயரோடும் வழியோடும் பரவிவிட்டது. 2023இல் ஊர்க்காரர்கள் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை அந்தச் சாலையை வெளியாருக்கு மூடினார்கள். பெயரற்ற படத்தில் எடுத்தவருக்கு நஷ்டம். பெயருள்ள படத்தில் இடத்துக்கு.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2011 முதல் 2013 வரை டொராண்டோவில் வேலை பார்த்தேன். முதல் அக்டோபரில் தெருமுனை மேப்பிளைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது தோரோவோ போர்ட்டரோ அல்ல. மருந்துக்கடை மாடியின் கதவோரக் கணினி. அங்கிருந்து பர்லிங்டன் ஒரு மணிநேரப் பயணம்தான். டோஷஸின் கட்டுரையை நான் படித்தது ஊர் திரும்பிய பிறகு. பழைய நிக்கான் ஒன்றை வாங்கி மூன்று பருவங்களிலும் இலைகளை எடுத்தேன். ஒரு படச்சந்தைக்கு 40 படங்கள் அனுப்பியதில் 11 தேறின. மறுக்கப்பட்டவற்றுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: இவ்வகைப் படங்கள் ஏற்கெனவே போதுமான அளவில் உள்ளன. தேறியவற்றுள் ஒன்று, ஈரச் சிமெண்டுத் தரையில் ஒட்டிக்கிடந்த ஒற்றை இலை, இதுவரை 63 முறை விற்றிருக்கிறது. எல்லாம் சேர்த்துப் பூரியனின் 45 டாலரை இன்னும் எட்டவில்லை.

வாங்கியவர்கள் யாரென்று சந்தை சொல்வதில்லை. ஒரே ஒருமுறை தற்செயலாக என் இலையை எதிர்கொண்டேன், ஒரு பல் மருத்துவமனையின் இணையப் பக்கத்தில். காம்பை வெட்டியிருந்தார்கள். சிவப்பைக் கொஞ்சம் ஏற்றியிருந்தார்கள். மேலே ‘அக்டோபர் மாதச் சிறப்புச் சலுகை’ என்று எழுதியிருந்தது.